கணிதம் எவர் பக்கம்?

சப்ரகமுவ மாகாணத்துத் தேயிலை, றப்பர்த் தோட்டங்களில் எண்களைக் கொண்டே பிழைத்த முதல் மனிதன் கணக்கப்பிள்ளை. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணுவது, தராசின் அருகில் நின்று கொழுந்தின் நிறையைக் குறிப்பது, மாலையில் செக்ரோலில் பேர் போடுவது ஆகியன அவனுடைய கடமைகள். 'பேர்' என்பது தோட்டத்து வழக்கில் ஒரு நாள் உழைப்பின் மறுபெயர். கொழுந்து குறைந்தது, களத்துக்குப் பிந்தி வந்தாள், மழைக்கு அஞ்சி மலையைவிட்டு இறங்கினாள் என்று ஏதேனும் ஒரு காரணம் காட்டி அவன் 'அரைப்பேர்' போட்டுவிட்டால், முழுநாள் உழைப்பு அரைநாள் கூலியாகச் சுருங்கிவிடும். கூட்டலும் கழித்தலுமன்றி வேறு கணிதம் அறியாத அந்த மனிதனின் பென்சில் முனையை நம்பியே ஒரு லயத்தின் அடுப்புகள் எல்லாம் எரிந்தன.

மலையக எழுத்தாளர் கணக்கப்பிள்ளையைப் பெரும்பாலும் கொடியவனாகவே தீட்டியிருக்கின்றனர். அது நியாயமான சித்திரந்தான். ஆயினும் முழுமையான சித்திரமன்று. அந்த உத்தியோகத்தில் இரக்கமுள்ளவர்களும் இருந்தனர். கொடுமை அவனது குணத்தில் பிறந்ததைவிட, அவன் நின்ற இடத்தில் பிறந்ததே அதிகம். சம்பளம் தருபவன் ஒரு பக்கம், எண்ணப்படுபவள் மறுபக்கம். எண்ணப்படுபவள் அந்த ஏட்டைத் திறந்து பார்க்க இயலாது. பார்த்தாலும் வாசிப்பதற்கு அவளுக்கு எழுத்துக் கற்பிக்கப்படவில்லை. ஏடு மூடிக் கிடந்தவரையில் நல்லவன் எழுதிய கணக்கும் தீயவன் எழுதிய கணக்கும் ஒரே பேரேட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

இந்தக் கணக்கப்பிள்ளையை மனத்தில் இருத்திக்கொண்டே இன்று நம் மாணவரிடையே வழங்கிவரும் ஒரு வினாவை ஆராய விரும்புகிறோம். கணிதத்திலும் பௌதிகத்திலும் பொறியியலிலும் சிறந்து தேறிய இளைஞர், தம் அறிவுக்கு மிகுந்த ஊதியம் தரும் இடம் முதலீட்டு வங்கியா, அல்லது ஹெட்ஜ் நிதியமா என்று கேட்கின்றனர். இலக்கியத் திங்களிதழுக்கு இவ்வினா புறம்பானது என்று சிலர் கருதக்கூடும். அவ்வாறன்று. இந்த வாழ்க்கையைப் புகழ்ந்தும் விளக்கியும் நொந்தும் எழுந்த நூல்கள் இருபதாண்டுகளில் ஒரு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டன. இளைஞரின் கனவை உருவாக்கும் எந்த எழுத்தும் விமர்சனத்துக்கு உரியதே. அன்றியும், இவ்வினா நம் நாட்டுக்குத் தொலைவானதுமன்று. மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.டி. என்னும் நிறுவனத்தை 2009ஆம் ஆண்டில் லண்டன் பங்குச்சந்தை 3 கோடி டொலருக்கு வாங்கியது. 2011 முதல் லண்டனின் பங்கு வாணிபம் நம்மவர் எழுதிய கணினி நிரலின் மீதே ஓடிற்று. வாசல் திறந்துவிட்டது, உள்ளே போகிறவர் எங்கே போகிறோம் என்று அறிந்து போகவேண்டும்.

முதலில் இரு வீடுகளின் வேறுபாட்டைச் சுருக்கமாகக் காண்போம். முதலீட்டு வங்கி என்பது அரசுகளுக்கும் கொம்பனிகளுக்கும் கடன்பத்திரமும் பங்கும் விற்றுக் கொடுப்பது. வாடிக்கையாளருக்காகச் சந்தையில் வாங்கி விற்பது. அவ்வாணிபத்தின் சிக்கலான ஒப்பந்தங்களுக்கு விலை கணிப்பது. அங்கே கணிதம் கற்றவனின் வேலை, விலை கூறும் மாதிரிகளை ஆக்குவதும் அவற்றின் ஆபத்தை அளப்பதுமாகும். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டின் டொட்-பிராங்க் சட்டத்தின் வழி வந்த வொல்க்கர் விதி, வங்கிகள் தம் சொந்த இலாபத்துக்காகச் சூதாடுவதைக் கட்டுப்படுத்தியது. அதன் பின்னர் வங்கிக் கணிதன் பெரும்பாலும் ஆபத்தை அளப்பவனாகவும், மேற்பார்வையாளருக்கு விடை கூறுபவனாகவும் ஆனான். ஊதியம் ஓரளவு நிலையானது, பயிற்சி ஒழுங்கானது, முன்னேற்றம் மெதுவானது. ஹெட்ஜ் நிதியமோ பெருஞ் செல்வரின் பணத்தையும் நிறுவனங்களின் சேமிப்பையும் திரட்டிச் சந்தையில் நேரடியாகப் பந்தயம் கட்டுவது. நிருவாகக் கட்டணமாக நூற்றுக்கு இரண்டும் இலாபத்தில் நூற்றுக்கு இருபதும் எடுத்துக்கொள்வது அதன் நெடுநாள் வழக்கம். குழு சிறியது, இரகசியம் பெரிது, இலாபம் வந்தால் ஊதியம் மலைபோல் உயரும், வராவிட்டால் நாற்காலி மறுநாளே பறிபோகும்.

'ஹெட்ஜ்' என்ற சொல்லுக்கு வேலி என்பது பொருள். விலை ஏறும் பங்கை வாங்குவதோடு, விழும் பங்கை முன்கூட்டி விற்று, நட்டத்துக்கு வேலி கட்டும் முறையால் அப்பெயர் வந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை நம் மக்களுக்குப் புதிதன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

வங்கியைத் தேர்ந்த கணிதனின் வாழ்க்கையை நேர்மையாகக் காட்டும் நூல் எமானுவேல் டெர்மன் 2004இல் வெளியிட்ட 'மை லைஃப் ஆஸ் எ குவாண்ட்'. டெர்மன் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் பிறந்தவர். அணுத்துகள் பௌதிகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 1985இல் கோல்ட்மன் சாக்ஸ் வங்கியிற் சேர்ந்து, பிஷர் பிளாக், பில் டோய் ஆகியோருடன் வட்டிவீத மாதிரி ஒன்றை ஆக்கியவர். அவருடைய நூலின் உயர்வு அதன் அடக்கத்தில் இருக்கிறது. பௌதிகத்தில் மனிதன் இயற்கையோடு விளையாடுகிறான். நிதியிலோ தன்னைப்போன்ற மனிதரின் ஆசையோடும் அச்சத்தோடும் விளையாடுகிறான். ஆகவே ஒன்றின் விதி மற்றொன்றுக்கு ஆகாது என்பதை அவர் உணர்ந்திருக்கிறார். 2009 ஜனவரியில் பால் வில்மொட்டுடன் சேர்ந்து, மாதிரி ஆக்குவோர் ஏற்கவேண்டிய சத்தியப் பிரமாணம் ஒன்றையும் அவர் வரைந்தார். வங்கியில் கணிதன் இரண்டாந்தரப் பிரசையாக, வாணிபம் செய்வோனின் ஏவலாளாக நடத்தப்படுவதையும் அவருடைய நூல் மறைக்கவில்லை. ஆயினும் நூல் முழுவதிலும் ஒரு குறை உண்டு. சமன்பாட்டின் மறுமுனையில் நிற்கும் மனிதர் எவரும் அதில் வருவதில்லை. வட்டிவீதம் உயர்ந்தால் எந்த நாட்டில் எவருடைய சோறு குறையும் என்ற வினா அதில் எழுவதேயில்லை. கண்ணியமான ஒரு கணக்கப்பிள்ளையின் சுயசரிதை அது. செக்ரோலில் பேர் பெற்றவர்களின் முகம் மட்டும் அதில் இல்லை.

ஹெட்ஜ் நிதியத்தின் காவியம் என்று கூறத்தக்கது கிரெகரி சுக்கர்மன் 2019இல் எழுதிய 'தி மேன் ஹூ சால்வ்ட் தி மார்க்கெட்'. அதன் நாயகர் ஜிம் சைமன்ஸ், செர்ன்-சைமன்ஸ் கோட்பாட்டால் கணித உலகில் நிலைத்த பெயர் பெற்றவர். அமெரிக்க இராணுவத்துக்காகச் சங்கேத மொழிகளை உடைக்கும் நிறுவனத்தில் பணியாற்றிய காலத்தில், வியட்நாம் போரை வெளிப்படையாக எதிர்த்தமைக்காக 1968இல் வேலை நீக்கப்பட்டவர். அத்தகைய மனிதர் 1982இல் ரெனைசன்ஸ் டெக்னொலொஜீஸ் என்னும் நிறுவனத்தை நிறுவினார். அதன் மெடாலியன் நிதியம் 1988 முதல் முப்பதாண்டுகள், கட்டணங் கழிப்பதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி நூற்றுக்கு 66 வீதம் ஈட்டியது என்று சுக்கர்மன் எழுதுகிறார். அந்நிதியத்தின் சூத்திரங்கள் இன்றும் இரகசியம். அதிலே பணம் இடும் உரிமை பெரும்பாலும் அங்குப் பணியாற்றுவோருக்கே உண்டு. நிறுவனத்தின் தலைவர்கள் தம் வரிப் பிணக்கைத் தீர்க்க, அமெரிக்க இறைவரிக்கு 700 கோடி டொலர் வரை செலுத்த 2021இல் உடன்பட்டனர்.

சுக்கர்மனின் நூல் சுவையானது. ஆனால் வியப்பே அதன் அளவுகோல். சிறந்த கணிதர் பலர் பல்கலைக்கழகத்தை விட்டு ஒரு காட்டோர மாளிகையில் அமர்ந்து, விலைகளின் அசைவில் மிகச் சிறிய ஒழுங்குகளைத் தேடினர். தேடிய ஒழுங்கால் உலகில் ஒரு பிடி நெல் கூடுதலாக விளைந்ததா? ஒரு நோய் தீர்ந்ததா? இவ்வினாவை ஆசிரியர் மெல்லத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். நிறுவனத்தின் மற்றொரு தலைவரான ரொபர்ட் மேர்சர் அந்தப் பணத்தைக் கொண்டே 2016இல் டொனால்ட் டிரம்பின் வெற்றிக்கு உதவினார். சைமன்ஸ் எதிர்க்கட்சிக்கு உதவினார். இரகசியச் சூத்திரத்தில் விளைந்த பணம் ஒரு குடியரசின் இரு தட்டிலும் இடப்பட்டது. வாக்களித்த கோடிக்கணக்கானோருக்கு அத்தராசின் முள்ளைக்கூடப் பார்க்க இயலவில்லை.

தமிழர் கதையொன்றையும் இவற்றோடு சேர்த்தே வாசிக்கவேண்டும். கொழும்பிற் பிறந்த ராஜ் ராஜரத்தினம் நீடம் என்னும் முதலீட்டு வங்கியில் ஆராய்வாளராகச் சேர்ந்து 1991இல் அதன் தலைவரானார். 1997இல் கலியோன் என்னும் ஹெட்ஜ் நிதியத்தை நிறுவினார். வங்கியா நிதியமா என்ற வினாவுக்கு முதலில் வங்கி, பின்னர் நிதியம் என்று விடை கண்டவர் அவர். 2009 அக்டோபரில் கைதானார். 2011 மே மாதத்தில் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 2021இல் வெளிவந்த 'அனீவன் ஜஸ்டிஸ்' என்னும் நூலில் தாம் குற்றமற்றவர் என்றே அவர் வாதிடுகிறார். தீர்ப்பு நீதிமன்றத்தினுடையது, நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அவ்வழக்கில் முதன்மைச் சான்றாக நின்றவை பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடல்கள். கணித மேதைமையின் கோயிலென்று வெளியுலகம் வணங்கும் இடத்தில், சூத்திரத்தைவிடக் காதோடு காதாய் வந்த செய்திக்கே விலை அதிகம் என்று வழக்குத் தொடுத்தோர் காட்டினர். நம் இளைஞர் சிலருக்கு ராஜரத்தினம் வீரர், சிலருக்கு வெட்கம். வீரமும் வெட்கமும் விமர்சனமாகா. எந்த அமைப்பு ஒரு மனிதனை அந்த இடத்துக்கு உயர்த்தி, எந்த இருளில் அவனைத் தனியே விட்டது என்று காண்பதே விமர்சனம்.

இனி, இவ்விரு வீடுகளும் உண்மையில் தனித்தனி வீடுகள்தாமா? லோங் டேர்ம் கப்பிற்றல் மனேஜ்மென்ற் என்னும் ஹெட்ஜ் நிதியம் 1994இல் தொடங்கியது. அதன் பங்காளிகளான மேர்ட்டனும் ஷோல்ஸும் 1997இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். மறு ஆண்டே, ரஷ்யா தன் கடனை மறுத்தபோது, அந்நிதியம் சரிந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் நியூயோர்க் கிளை அழைக்க, 14 நிதி நிறுவனங்கள் கூடி ஏறத்தாழ 360 கோடி டொலர் இட்டு அதனைத் தாங்கின. அந்த நிதியத்துக்குக் கடன் கொடுத்து வளர்த்தவையும் வங்கிகளே. பத்தாண்டு கழித்து 2008 செப்டெம்பர் 15ஆம் நாள் லீமன் பிரதர்ஸ் என்னும் முதலீட்டு வங்கி வீழ்ந்தபோது, வீட்டுக்கடன்களைக் கலந்து கட்டிய பத்திரங்களின் வீழ்ச்சியின் மீது பந்தயம் கட்டிச் செல்வம் குவித்தவை சில ஹெட்ஜ் நிதியங்கள். பத்திரத்தை ஆக்கியது ஒரு வீடு. அது அழியுமென்று பணம் கட்டியது மறு வீடு. நடுவில் இருப்பது ஒரே சுவர். இரு வீட்டுக்கும் பொதுவான சுவர்.

இந்தச் சுவரை நியூயோர்க்கில் இருந்து பார்ப்பது ஒன்று. தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் இருந்து பார்ப்பது வேறு. இத்தோட்டங்களே சூதாட்டத்தின் அலையொன்றில் பெருகியவை என்பதை மறத்தலாகாது. 1910 ஏப்ரலில் லண்டனில் ஓர் இறாத்தல் றப்பரின் விலை பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டியது. அந்தப் பித்தில் கொம்பனிகளின் பங்குகள் பத்திரிகைத் தாள்போல் விற்றன. கேகாலை, இரத்தினபுரி மலைச்சரிவுகளில் மரங்கள் நிரம்பின. விலை விழுந்தபோது நட்டத்தின் சுமை லயத்தின் மீதே இறங்கியது.

ஹெட்ஜ் நிதியத்தின் பிறப்பிலும் றப்பரின் வாடை வீசுகிறது. 1949இல் அவ்வகை நிதியத்தை முதன்முதலில் தொடங்கிய அல்பிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் ஒரு சமூகவியலாளர். உலகத் தோட்டங்களின் றப்பர் டயராக மாறிய ஊரான ஒஹையோ மாநிலத்து ஆக்ரனில், கொம்பனிச் சொத்துரிமையைப் பற்றி மக்கள் என்ன கருதுகின்றனர் என்று ஆய்ந்து, 1941இல் ஒரு நூல் எழுதியவர். மக்களின் மனத்தை அளந்த அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, எட்டாண்டு கழித்துச் செல்வரின் பணத்துக்கு வேலி கட்டப் போனார். அறிவு பக்கம் மாறுவதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமா?

எண்கள் எப்பொழுதும் சந்தையின் அடிமைகள் என்று கொள்ளவும் வேண்டியதில்லை. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் செய்த அரிசி-றப்பர் உடன்படிக்கை அதற்குச் சான்று. ஆண்டுக்கு 50,000 தொன் றப்பர், அதற்கீடாக 270,000 தொன் அரிசி. கொரிய யுத்தத்தின் எழுச்சி அடங்கி உலகச் சந்தையில் றப்பர் விலை சரிந்த வேளையில், அதனினும் உயர்ந்த விலையை இரு நாடுகள் கூடிப் பேசி ஏட்டில் எழுதின. அந்தக் கணக்கும் கணக்குத்தான். உண்போரையும் உழைப்போரையும் எண்ணி எழுதப்பட்ட கணக்கு.

இப்பொழுது நம் காலத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டில் இலங்கை அரசு முதன்முதலாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டொலர் இறைமை முறிகளை விற்றது. விற்றுக் கொடுத்தவை பார்க்லேஸ், எச்.எஸ்.பி.சி., ஜே.பி. மோர்கன் ஆகிய வங்கிகள். அவ்வழியிற் சென்ற நாடு 2022 ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. தோட்டத் தொழிலாளர் பல்லாண்டு போராடி 2021இல் வர்த்தமானி வழியாகப் பெற்ற 1,000 ரூபா நாட்கூலி, பெற்ற ஆண்டில் 5 டொலருக்கு ஈடாக இருந்தது. ஓராண்டில் 3 டொலரும் பெறாததாயிற்று. ஒரு கணக்கப்பிள்ளையும் இம்முறை பென்சிலை எடுக்கவில்லை. ஆயினும் மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் அரைப்பேர் விழுந்துவிட்டது.

அடுத்து நிகழ்ந்ததையே மாணவ நண்பர் கூர்ந்து நோக்கவேண்டும். வங்கிகள் விற்ற முறிகளை வைத்திருந்தோர் ஒரு குழுவாயினர். அதில் பிளாக்ரொக், அமுண்டி போன்ற பெருநிதி நிறுவனங்களும் எச்.பி.கே. போன்ற ஹெட்ஜ் நிதியமும் இருந்தன. அவர்களுக்கு ஆலோசகர் ரொத்ஷைல்ட். இலங்கை அரசுக்கு ஆலோசகர் லசார்ட். இரண்டும் முதலீட்டு வங்கித் தொழிலில் உள்ளவை. கரீபியன் தீவொன்றில் பதிவான ஹமில்டன் ரிசர்வ் வங்கி, 25 கோடி டொலருக்கு மேற்பட்ட முறிகளைக் கையில் வைத்துக்கொண்டு, 2022 ஜூனில் நியூயோர்க் நீதிமன்றத்தில் இலங்கைமீது வழக்குத் தொடுத்தது. பெயர் வங்கி, வழக்குத் தொடுத்துப் பிடுங்கும் முறையோ கழுகு நிதியங்களின் முறை. 2024 டிசம்பரில் 1,255 கோடி டொலர் முறிகளுக்கு மறுசீரமைப்பு முடிந்தது. புதிய முறிகளுட் சில, 2025 முதல் 2027 வரை நாட்டின் மொத்த உற்பத்தி டொலர்க் கணக்கில் எவ்வளவாகும் என்பதைப் பொறுத்துக் கொடுப்பனவு கூடவும் குறையவும் அமைந்தவை. நாடு எதிர்பார்த்ததினும் நன்றாக எழுந்தால் கடன்காரருக்குக் கூடுதலாகச் செல்லும். அந்தச் சூத்திரத்தை எழுதியவர் கணிதம் கற்றவர். மேசையின் இரு பக்கத்திலும் கணிதர் இருந்தனர். கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் அவ்வுற்பத்தியைப் பெருக்கப்போகின்றவரின் பக்கம் நாற்காலி போடப்படவில்லை.

நாற்காலி இல்லாமற் போனதற்கு அவர் கடன் கொடுக்காதவர் என்பது காரணமன்று. தோட்டத் தொழிலாளரும் அரசுக்குக் கடன் கொடுத்தவரே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்த ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளர் மிகப் பலரின் முதுமைச் சேமிப்பு கிடக்கிறது. அந்நிதியின் பெரும்பகுதி அரசின் திறைசேரி முறிகளில் இடப்பட்டது. 2023 ஜூலையில் நாடாளுமன்றம் ஏற்ற உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, சேமலாப நிதிகள் தம் பழைய முறிகளைப் புதிய முறிகளாக மாற்றவேண்டும், மறுத்தால் அவற்றின் வருமானத்துக்கு 14 வீதத்துக்குப் பதிலாக 30 வீத வரி என்று விதித்தது. புதிய முறிகளுக்கு 2025 வரை 12 வீதமும் பின்னர் 9 வீதமும் வட்டி. 2022 செப்டெம்பரில் விலைவாசி ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்த நாட்டில் இது. வங்கிகளின் திறைசேரி முறிகள் இந்த மாற்றத்துக்குள் கொண்டுவரப்படவில்லை. வங்கிகள் முன்னரே கூடுதல் வரி செலுத்துகின்றன, அவை ஆட்டங்கண்டால் வைப்பாளர் அழிவர் என்று அரசு காரணம் கூறியது. அக்காரணத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நியூயோர்க்கின் நிதியம் தன் இழப்பைப் பேரம் பேசிக் குறைத்தது. பலாங்கொடையில் கொழுந்து பறித்தவள் தன் இழப்பைச் செய்தியாகக்கூட அறிந்திருக்கமாட்டாள். நட்டத்துக்கு எதிராக வேலி அவர்களுக்கு. மேயப்பட்ட பயிர் இவளுடையது.

ஆகவே வங்கியா நிதியமா என்ற வினாவை நாம் வேறு விதமாகக் கேட்கிறோம்: எண்ணப்படுபவர் அந்த எண்ணிக்கையைத் திறந்து பார்க்க முடியுமா? இந்த அளவுகோலைத் தனக்கே உரிய முறையிற் கண்டவர் கதி ஓநீல். ஹார்வர்டில் கணிதக் கலாநிதிப் பட்டம் பெற்று, பல்கலைக்கழக ஆசிரியப் பதவியை விட்டு, டி.ஈ. ஷா என்னும் ஹெட்ஜ் நிதியத்தில் 2007இற் சேர்ந்தார். சரிவை உள்ளிருந்தே கண்டார். வெளியேறி, 2011இல் வோல் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்பு இயக்கத்தாரோடு நின்றார். 2016இல் அவர் எழுதிய 'வெப்பன்ஸ் ஆஃப் மாத் டிஸ்ட்ரக்‌ஷன்', தீய மாதிரியின் இலக்கணமாக மூன்றைக் கூறுகிறது: அது இருளில் இயங்கும், பெருந்தொகையினர்மீது பாயும், பாதிக்கப்பட்டோர் திருத்த இயலாதபடி கேடு விளைக்கும். அமெரிக்காவை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இலக்கணம் அது. ஆனால் நம் செக்ரோலுக்கு இதனினும் பொருத்தமான வருணனை உண்டோ?

ஓநீலின் நூலிலும் ஒரு குறை காண்கிறோம். திருத்தத்தைப் பெரும்பாலும் கணிதரின் மனச்சாட்சியிடமும் சட்டத்திடமும் அவர் ஒப்படைக்கிறார். தோட்டத்தின் வரலாறு வேறு பாடம் கூறுகிறது. தராசின் முள்ளைப் பார்க்கும் உரிமை கணக்கப்பிள்ளையின் மனம் இளகியதால் வந்ததன்று. தொழிலாளர் சங்கமாகக் கூடிக் கேட்டதால் வந்தது. மனச்சாட்சி வேண்டும், ஆனால் மனச்சாட்சியைக் காவல் காக்கக் கூட்டம் வேண்டும்.

நம் பக்கத்துக் கணக்காளனாயின் தவறமாட்டான் என்று இடதுசாரிகள் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளவும் கூடாது. லண்டனில் பொருளியல் கற்றுத் திரும்பிய என்.எம். பெரேரா, 1934-35இல் மலேரியா கொள்ளைநோய் கேகாலையைச் சூறையாடியபோது நிவாரணப் பணியில் மக்களோடு நின்றார். 1936இல் அம்மக்களே அவரை ருவன்வெல்லையிலிருந்து அரசாங்க சபைக்கு அனுப்பினர். படிப்பை விலைகூறாத அந்த வாழ்க்கை நம் வணக்கத்துக்குரியது. ஆயினும் அவர் நிதியமைச்சராக இருந்த 1964ஆம் ஆண்டில்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: 975,000 மனிதர், அவருள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர்த் தீர்மானிப்பதற்கு. எண்ணப்பட்டவரை எவரும் கேட்கவில்லை. ஏட்டை எழுதுபவன் எவ்வளவு நல்லவனாயினும், எண்ணப்படுபவர் ஏட்டுக்கு வெளியே நிற்கும்வரை கணக்கு அவர்களுக்கு எதிராகவே முடிகிறது.

இத்தனையும் கூறியபின், ஓர் ஏழை மாணவனைப் பார்த்து 'பெருஞ்சம்பளத்தை உதறிவிடு' என்று உபதேசிக்க நாம் முன்வரவில்லை. லயத்து அறையில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்து மேலெழும் பிள்ளைக்குத் தியாகத்தைப் போதிப்பது, வயிறு நிறைந்தவர்களுக்கு எளிதான அறம். அவன் குடும்பத்தின் கடனை அடைக்கட்டும். தங்கையைப் படிக்க வைக்கட்டும். இரண்டில் ஒன்றையே தேர்ந்தாகவேண்டுமெனின், வங்கியைத் தேர்க என்போம். அங்கே மாதிரிகளைத் தனிக்குழு சோதிக்கிறது. மேற்பார்வையாளர் கேள்வி கேட்கின்றனர். ஏட்டின் சில பக்கங்களாவது ஊரார் கண்ணுக்குத் தெரிகின்றன. நிதியத்தின் ஏடு அவ்வாறன்று. அன்றியும், வங்கியிற் கற்ற கணிதத்தை மத்திய வங்கிக்கோ, சேமலாப நிதிக்கோ, கடன் பேச்சில் நாட்டின் பக்கத்துக்கோ, தொழிற்சங்கத்தின் சம்பளப் பேச்சுக்கோ ஒருநாள் கொண்டுவர இயலும். முறியின் சூத்திரத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் தொழிலாளர் பக்கத்தில் இருந்திருந்தால், 2023இன் கணக்கை நிறுத்த முடியாதிருக்கலாம். அவர்கள் அறியாமல் நிறைவேற்ற முடிந்திராது.

ஆனால் இவ்வினாவைக் கேட்கும் நிலைக்கு எத்தனை தோட்டத்துப் பிள்ளைகள் வந்து சேர்கின்றனர்? உண்மையான துயரம் இங்கேயே கிடக்கிறது. 1970களில் அரசு பொறுப்பேற்கும்வரை தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. இன்றும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணிதப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கன. இணைந்த கணிதம் கற்க விரும்பும் பிள்ளை ஹட்டனுக்கோ கண்டிக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். போக இயலாத பிள்ளை இருக்கும் பாடத்தை ஏற்கவேண்டும். பெலிஹுல்ஓயாவில் 1995இல் நிறுவப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் வாசல் இத்தோட்டங்களுக்கு அருகில் இருக்கிறது. அந்த வாசலுக்கு ஏறும் படிதான் இல்லை.

சைமன்ஸ் 2024 மே மாதத்தில் காலமானார். சந்தையை வென்ற அம்மனிதர் 2004இல் தொடங்கிய ஒரு பணி குறிப்பிடத்தக்கது: நியூயோர்க்கின் பாடசாலைக் கணித ஆசிரியருக்குத் தம் செல்வத்திலிருந்து மேலதிக ஊதியம் வழங்கும் அமைப்பு. நிதியத்தை ஆண்டவருக்கே தெரிந்திருந்தது, எல்லாக் கணிதமும் ஒரு வகுப்பறையிலிருந்தே புறப்படுகிறது என்று. நியூயோர்க்கின் ஆசிரியருக்குக் கொடுக்க ஒரு கோடீஸ்வரர் இருந்தார். தெரணியகலையின் கணித ஆசிரியருக்குக் கொடுக்கவேண்டியது அரசு; கேட்கவேண்டியது நாம். ஆசிரிய சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் சம்பளத்துக்காகக் கூடுவதுபோல், ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ்மூலக் கணிதப் பிரிவு ஒன்றுக்காகவும் கூடவேண்டும்.

கணிதத்துக்குப் பக்கம் இல்லை என்று கூறுவோர் உளர். சமன்பாட்டுக்குப் பக்கம் இல்லைதான். சமன்பாட்டை எழுதிய தாள் எவருடைய மேசையில் கிடக்கிறது என்பதில் பக்கம் இருக்கிறது. பேர் போடப்பட்டவளின் பேத்தி அந்தத் தாளை எடுத்து வாசித்து, பிழை இருக்கும் இடத்தில் விரலை வைக்கும் நாளை விரைந்து கொண்டுவருவதே ஆசிரியரின் பணி, கற்றவரின் கடன்.